மூடிக் கிடக்கும் நூற்பட்டியல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நூலகம் பற்றிச் சில சொற்கள் கூறுக என்று செயலாளர் என்னைப் பணித்தார். நூலகம் என்றதும் நூல்களின் பெருமையைப் பேசுவது மேடை மரபு. அப்பெருமையை எனக்கு முன் பேசியோர் நன்றாகவே எடுத்துரைத்தனர். ஆதலின் நான் நூலைப் பற்றிப் பேசாமல், நூலின் பெயரைத் தாங்கி நிற்கும் பட்டியலைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும், பழைய கணினிக் கோப்புக்குள் அடைபட்டு, இனித் திறக்க இயலாது என்று பலராலும் கைவிடப்பட்ட பட்டியலைப் பற்றி.

நம் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு படிப்பகம் இருந்தது. சுரங்கத்தில் முதல் ஷிப்டு முடித்து வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு நேரே அங்கே வந்து நாளிதழைப் பிரிப்பார்கள். நானும் என் தந்தையாரின் கைப்பிடித்து அங்கே சென்றவன்தான். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் நூலக இயல் பயின்ற நம்மூர் இளைஞர் ஒருவர் அப்படிப்பகத்தின் நூற்பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றினார். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்லும் வாழ்வு வந்தது. குடும்பங்கள் சிதறின, படிப்பகமும் பூட்டப்பட்டது. கூரை ஒழுகிற்று, கறையான் தன் பங்கை எடுத்துக்கொண்டது. எஞ்சியது ஒரு பிளாப்பி வட்டு. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கரிய தகடு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது.

அதில் இருந்தது சி.டி.எஸ். ஐசிஸ் என்னும் முறையில் அமைந்த பட்டியல். இப்பெயர் உங்களிற் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டு நூலகர்களில் ஒரு தலைமுறையினர் கணினியைத் தொட்டது இதன் வழியாகத்தான். பாரிசில் உள்ள யுனெஸ்கோ நிறுவனம் 1985இல் இதனைத் தனியாள் கணினிக்கு ஏற்றவாறு அமைத்து, வளரும் நாடுகளின் நூலகங்களுக்குப் பொருளின்றி வழங்கிற்று. இந்தியாவில் நிசாட் என்னும் மைய அரசுத் திட்டத்தின் வழியே இது பரவியது. இதற்கான பயிற்சிகள் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று பெங்களூரில் உள்ள ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையம். 1962இல் அம்மையத்தைத் தோற்றுவித்தவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணக்காசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1934இல் பட்டியலாக்க விதிகளையே ஒரு தனி நூலாக எழுதிய பெருமகனார் அவர். பட்டியலுக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று.

நிற்க. வட்டினைப் பார்ப்போம்.

வட்டிலிருந்த கோப்பு ஒன்றைத் திறந்தபோது கண்ணுக்குப் பட்டவை பொருளற்ற குறிகளும், இடையிடையே மிதக்கும் ஆங்கில எழுத்துகளுமே. பழைய நிரலை நிறுவிப் பார்க்கலாம் என்றால், அது டாஸ் காலத்தது. என் கணினி அதனை ஏற்க மறுத்தது. நான் பணிபுரிந்த இடத்தில் கேட்டேன். “பழைய குப்பை, திரும்பத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்” என்றார்கள். எதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது? நூல்களே இல்லையே!

அப்போதுதான் ஓர் உண்மையை அறிந்தேன். இக்கோப்புகளின் உள்ளமைப்பு மறைபொருள் அன்று. யுனெஸ்கோவின் கையேட்டிலேயே வெளிப்படையாக அச்சிடப்பட்டுள்ளது. அமைப்பு தெரிந்தால், அதனை ஆக்கிய நிரல் இல்லாமலே வேறொரு நிரலால் படிக்கலாம். அத்தகைய வேலையை ஒருவர் செய்தும் வைத்திருந்தார். குரோவேசியா நாட்டைச் சேர்ந்த தோப்ரிசா பாவ்லினுசிச் என்பவர், பெர்ல் என்னும் நிரல்மொழிக்காகப் ‘பிப்ளியோ ஐசிஸ்’ என்றொரு மாட்யூலை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளுமாறு சீபான் என்னும் பொதுக் களஞ்சியத்தில் இட்டுள்ளார். மாட்யூல் என்பது, ஒரு வேலையை ஒருவர் ஒருமுறை செம்மையாகச் செய்து வைத்தால், மற்றவர் அதனைத் தம் நிரலுக்குள் அழைத்துப் பயன்கொள்ளும் துணைக்கூறு. பிரேசில் நாட்டு மருத்துவ நூலகங்களும் ஐசிஸ் முறையிலேயே ஊறியவை. ஆங்குள்ள பிரேமே என்னும் மையத்தாரும் இதுபோன்ற கருவியைச் செய்து வெளியிட்டுள்ளனர். எங்கோ ஒரு நாட்டார் தம் துன்பத்திற்குக் கண்ட மருந்து நம் தங்கவயலின் பிஸ்கட் டப்பாவுக்கும் உதவிற்று.

அம்மருந்து வேலை செய்யும் விதத்தை இளைஞர்கள் பொருட்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஐசிஸ் பட்டியலில் முதன்மையான கோப்புகள் இரண்டு. ஒன்று எம்.எஸ்.டி. என முடியும் மூலக்கோப்பு. நூல்களின் விவரமெல்லாம் அதனுள் இருக்கிறது. மற்றொன்று எக்ஸ்.ஆர்.எஃப். என முடியும் சுட்டுக்கோப்பு. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். சுரங்கத்தில் இன்ன ஆள் எத்தனையாவது லெவலில், எந்தப் பக்கத்தில் வேலை செய்கிறார் என்பதை மேலேயுள்ள பேரேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் அல்லவா? அத்தகைய பேரேடு இது. இரு கோப்புகளும் 512 பைட்டு கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. சுட்டுக்கோப்பின் ஒரு கட்டத்தில் 127 பதிவுகளின் இருப்பிடம் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 4 பைட்டு. 127 நான்குகள் 508. எஞ்சிய நான்கில் அக்கட்டத்தின் எண் இருக்கும். இருப்பிடம் அறிந்து மூலக்கோப்புக்குள் இறங்கினால், ஒவ்வொரு பதிவின் தலையிலும் அதன் எண்ணும் நீளமும் உள்ளன. அடுத்து ஓர் உள்ளடக்க அட்டவணை: இன்ன எண்ணுடைய புலம் இவ்விடத்தில் தொடங்கி இத்தனை எழுத்து நீளம் என்று. அதன்பின் எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன.

இத்தனையையும் மாட்யூலே பார்த்துக்கொள்கிறது. நான் எழுதிய நிரல் இருபது வரிக்கு மேற்படாது. கோப்பின் இடத்தைச் சொல், பதிவுகளை எண்ணு, ஒன்றிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக எடு, அச்சிடு: இவ்வளவே. ஒரு மாலைப் பொழுதில் ஆயிரத்துச் சொச்சம் நூல்களின் பெயர்கள் திரையில் ஓடின. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து, “ஏன் இப்படிச் சத்தம் போடுகிறீர்கள்?” என்றாள். சத்தம் போட்டதை நான் உணரவில்லை.

ஆயின் மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. ஐசிஸ் பதிவில் புலங்களுக்குப் பெயரில்லை. எண் மட்டுமே உண்டு. எந்த எண் தலைப்பு, எந்த எண் ஆசிரியர் என்பதை அந்தந்த நூலகமே வகுத்துக்கொள்ளும். அவ்வகுப்பு எஃப்.டி.டி. என்னும் மூன்றாவது கோப்பில் இருக்கும். எங்கள் வட்டில் அக்கோப்பு இல்லை. தலைப்பை ஊகிக்க முடிந்தது. ஆட்களின் பெயர் வரும் புலம் இரண்டு இருந்தன. ஒன்று ஆசிரியர், மற்றது உரையாசிரியர் அல்லது பதிப்பாசிரியர் என்று நானே முடிவு செய்து, பட்டியலை அச்சிட்டு, படிப்பகத்தின் முன்னாள் செயலாளரிடம் பெருமையோடு கொண்டு சென்றேன். எண்பதைக் கடந்த முதியவர். கண்ணாடியைத் துடைத்து அணிந்து நெடுநேரம் படித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“தம்பி, கம்பராமாயணத்துக்கு உரை எழுதியவர் என்று போட்டிருக்கிறாயே, அவர் எங்கள் லைனில் டிம்பர் வேலை பார்த்தவர். கையெழுத்துப் போடத்தான் தெரியும்” என்றார்.

“அப்படியானால் இந்தப் பெயர்கள் யாருடையவை, ஐயா?”

“புத்தகம் கொடுத்தவர்கள். போனஸ் வந்ததும் ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தருவது அப்போது வழக்கம்.”

அன்றுதான் அப்பட்டியல் எதுவென்று எனக்கு விளங்கிற்று. நூல்களை வேறிடத்தில் வாங்கலாம். கம்பராமாயணம் எங்கும் கிடைக்கும். ஆனால் அதனைத் தன் கூலியில் வாங்கி அளித்த தொழிலாளியின் பெயர் அந்த வட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஐசிஸ் முறையில் ஒரு பதிவை நீக்கினால், அது உடனே அழிந்துவிடுவதில்லை. நீக்கப்பட்டது என்னும் அடையாளம் மட்டும் இடப்படுகிறது. எழுத்துகள் மூலக்கோப்பிலேயே கிடக்கின்றன. காப்புப்படி எடுத்து அதிலிருந்து கோப்பை மீட்டமைக்கும்போதுதான் அவை உண்மையில் மறைகின்றன. மாட்யூலிடம் நீக்கியவற்றையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் காட்டும். கேட்டேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் எழுந்து வந்தன. இரவல் சென்று திரும்பாத நூல்கள் போலும். அவற்றுள் பதினொன்று, சுரங்கத்தில் உயிர்நீத்த தம் கணவரின் நினைவாக ஓர் அம்மையார் அளித்தவை என்று குறிப்புப் புலம் சொல்லிற்று. நூலும் போயிற்று, பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள், ஆயினும் பெயர் இருந்தது. எவரும் ஒருமுறை கோப்பை ஒழுங்குபடுத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும். சோம்பலும் சில வேளை நன்மை செய்கிறது.

இனி எஞ்சியுள்ள தொல்லை எழுத்து. டாஸ் காலத்துப் பட்டியல்கள் பலவற்றில் தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் உள்ளன. ஐந்து ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு சொல் மலையா, மாலையா என்று எந்த நிரலும் துணிந்து சொல்லாது. பிற்காலத்தில் தமிழ் எழுத்துருவைக் கொண்டு ஏற்றியவையோ வேறு வகையில் துன்புறுத்தும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் முறைகளை வகுத்தது. 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்துக் கோப்புகளை எழுத்துரு இன்னதென அறிந்துதான் மாற்ற வேண்டும். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ஐசிஸ் முறையில் புலத்தின் உட்பிரிவைக் காட்டுவது கூரை போன்ற ஒரு குறி. ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை அமர்த்திய எழுத்துருக்களில் அக்குறியின் இடத்திலும் ஒரு தமிழெழுத்து இருக்கக்கூடும். அத்தகைய கோப்பில் மாட்யூல் ஒரு சொல்லை நடுவே வெட்டி, உட்பிரிவு என்று நினைத்துக்கொள்ளும். எனவே மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் தமிழறிந்த ஒருவர் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். மலையும் மாலையும் கலந்து கிடந்த எங்கள் பட்டியலுக்கு அதனைச் செய்தவர் அம்முதியவரும், பத்தாம் வகுப்பில் படிக்கும் அவர் பேத்தியுமே.

திருத்திய பட்டியலைக் கோஹா என்னும் நூலக நிரலில் ஏற்றியுள்ளோம். நியூசிலாந்தில் பிறந்து, எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும் நிரல் அது. கோஹா என்றால் அந்நாட்டு மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருளாம். நன்கொடையாளர் புலம் அதில் அமைந்திருப்பது எனக்கு நிறைவளித்தது.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. தங்கவயலில் படிப்பகம் ஒன்றுதான் இருந்தது என்பதில்லை. சாம்பியன் ரீஃப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை என எங்கும் மன்றங்களும் வாசகசாலைகளும் இருந்தன. பரணிலோ பெட்டியிலோ பழைய வட்டு கிடந்தால் தூக்கி எறியாதீர்கள்; கணினியில் இட்டுச் சோதித்தும் பார்க்காதீர்கள். காந்தப் பூச்சு முதுமை எய்தியது. ஒருமுறை படிக்கும்போதே படியெடுத்துவிட வேண்டும். வட்டோடு, எண்ணுக்கு நேரே புலத்தின் பெயர் எழுதிய தாள் ஏதேனும் இருந்தால் அதனையும் கொணருங்கள். தாள் இல்லையெனில் அக்காலத்துச் செயலாளரை அழைத்து வாருங்கள். பதினொரு நூல் அளித்த அந்த அம்மையாரின் உறவினர் எவரேனும் இவ்வவையில் இருப்பின், கூட்டம் முடிந்தபின் என்னைக் காண வேண்டுகிறேன். அச்சிட்ட பட்டியல் என் பையில் இருக்கிறது.