கணக்குப் போட்டால் தள்ளுபடி வரவே!

நடுவர் அவர்களே! தள்ளுபடியைத் திட்டித் தீர்த்துவிட்டு, தள்ளுபடியில் எடுத்த புதுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பெரம்பலூர்ப் பெருமக்களே!

தள்ளுபடியும் கூப்பனும் சேர்த்து வாங்குவது குடும்பத்துக்கு வரவா, செலவா? 'வரவே' என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "கடைக்காரர் என்ன ஏமாளியா?" என்று கேட்டார். இல்லைங்க! ஆடியிலே கல்யாணம் கிடையாது. வியாபாரம் படுத்துவிடும். தேங்கிக் கிடக்கிற சரக்கைத் தள்ளினால்தான் தீபாவளிச் சரக்கை உள்ளே கொண்டுவர முடியும். அதனால் விலையைக் குறைக்கிறார். அவருக்கும் நல்லது, தேவை இருந்து வாங்குகிறவருக்கும் நல்லது.

ஆனால் நம்ம ஊருக்கு ஆடி என்றால் வேறு கணக்கு. இது பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மண். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற சனம். விதைக்கும் உரத்துக்கும் வைத்த காசு மடியில் இருக்கிற நேரம் பார்த்து, திருச்சிக் கடைத்தெருவிலே "பாதி விலை" என்று பலகை தொங்குகிறது! விதைக்காசு சேலையாகிவிட்டால் வயலுக்கு எதைப் போடுவது? எதிரணியின் பயம் இதுதான். நியாயமான பயம். ஆனால் குற்றம் தள்ளுபடியின் மேல் இல்லை ஐயா, கணக்குப் போடாத நம்ம மேலே!

கணக்குப் போடாத ஆளுக்கு நானே சாட்சி. ஒரு ஆடியிலே திருச்சிக்குப் போனேன். "50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்" என்று எழுதியிருந்தது. 70 சதவீதம் என்று நினைத்து, 1,000 ரூபாய்ச் சட்டைக்கு 300 ரூபாயை நீட்டினேன். பில்லிலே 400! ஏன் என்று கேட்டேன். கல்லாவிலே இருந்த பெண் சொன்னாள்: "சார், ஆயிரத்திலே பாதி போனா 500. அந்த 500லதான் சார் 20 சதவீதம், 100 ரூபாய். மொத்தம் 60 சதவீதம்தான். சார் என்ன வேலை பார்க்கறீங்க?" "தமிழ்ப் பேராசிரியர்" என்றேன். "அதான் சார்!" என்றாள். (பலத்த சிரிப்பு)

அதோடு விட்டேனா? "2,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் கூப்பன்" என்றார்கள். அந்த 200ஐப் பிடிக்க இன்னும் 1,600 ரூபாய்க்கு வாங்கினேன்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

இப்போது கணக்குப் போட்டவரைச் சொல்கிறேன். எங்கள் தெருவிலே ஓர் அம்மா. கொஞ்சம் காடு, இரண்டு கறவை மாடு. கோ-ஆப்டெக்ஸ் தெரியுமில்லையா? 1935இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு. அதிலே 'கனவு நனவு' என்று ஒரு சேமிப்புத் திட்டம். 11 மாதத் தவணையை நாம் கட்டினால், 12ஆவது தவணையை அவர்களே போடுவார்கள். முதிர்வுத் தொகைக்கு 30 சதவீதத் தள்ளுபடியில் துணி எடுக்கலாம். இரண்டு சலுகை, ஒன்றின் மேல் ஒன்று!

2022 தீபாவளி முடிந்த கையோடு அந்த அம்மா சேர்ந்தார்கள். மாதம் 300, பால் காசிலிருந்து. 11 மாதத்துக்கு 3,300. நிறுவனம் போட்டது 300. ஆக 3,600. 100 ரூபாய்த் துணி 70 ரூபாய் என்றால், 3,600க்கு 5,100 ரூபாய்க்கு மேலே துணி! கையை விட்டுப் போனது 3,300. மிச்சம் 1,800 ரூபாய்! (கைதட்டல்) 2023 தீபாவளிக்கு மாமியாருக்குச் சேலை, வீட்டுக்காரருக்கு வேட்டி, மகளுக்குப் பட்டு, கூடவே ஒரு போர்வை. எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்தது. நெய்தவர் வீட்டுத் தறிக்கும் வேலை. அதைவிடப் பெரிது எது தெரியுமா? நடுவிலே வந்த ஆடியிலே விதைக்காசை அந்த அம்மா தொடவே இல்லை!

வருகிற வழி சிறிதானாலும் கேடில்லை, போகிற வழி பெரிதாகாமல் இருந்தால் போதும் என்பது வள்ளுவர் கருத்து. போகிற வழியை அடைக்கத்தான் இந்தத் தள்ளுபடி.

இன்றைக்குச் செல்போனிலே கூப்பன் எண் வருகிறது, வங்கி அட்டைக்குத் தனிச் சலுகை வருகிறது. தாராளமாகச் சேருங்கள். சேர்க்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருள் நம்ம பட்டியலிலே இருக்கிறதா? எல்லாம் கழித்துக் கையை விட்டுப் போவது எவ்வளவு? அந்தக் காசு மிச்சக்காசா, விதைக்காசா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த தாய்மார்கள் இந்த அரங்கிலே நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் கையிலே தள்ளுபடி என்றைக்கும் வரவே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே! அதையும் தள்ளுபடி செய்துவிடாதீர்கள்! (சிரிப்பு, கைதட்டல்)