லண்டன் கஷாயத்தில் நெருஞ்சில்



இது ஒரு தாவரவியல் ஆசிரியரின் நினைவுச் சொற்பொழிவு. நான் அவரிடம் படித்தவன். ஒரு செடியைப் பிடுங்கி வந்து மேசைமேல் வைப்பார். "இதுக்கு உங்க ஊர்ல என்னடா பேரு?" என்பார். பத்துப் பையன்கள் ஏழு பெயர் சொல்வோம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடு போட்டு, அதற்குப் பிறகுதான் லத்தீன் பெயரை எழுதுவார். எங்களுக்கு அது வீண்வேலையாகப் பட்டது. தோல் மருத்துவனாகிச் சீன வைத்தியத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கோட்டின் அருமை தெரிந்தது.

நான் சொல்லப்போகும் கதை லண்டனில், சோஹோவை ஒட்டிய சைனாடவுனில் நடந்தது. 1980களின் பிற்பகுதி. அங்கே லுவோ என்ற சீனப் பெண் மருத்துவரின் வைத்தியசாலைக்குக் கரப்பான் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆங்கிலேயத் தாய்மார்கள் போகத் தொடங்கினார்கள். நாம் கரப்பான் என்பதை அவர்கள் எக்சிமா என்கிறார்கள். பிள்ளை இரவெல்லாம் சொறிந்து, படுக்கை விரிப்பில் ரத்தக்கறை படிய, தானும் தூங்காமல் பெற்றவர்களையும் தூங்கவிடாத நோய். லுவோ நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், பிறகு வேரும் பட்டையும் இலையுமாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். வீட்டில் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு.

அந்தப் பிள்ளைகளில் சிலர் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் நோயாளிகள். களிம்பு எதற்கும் அடங்காத தோல் ஆறியிருப்பதை அங்கிருந்த தோல் மருத்துவர்கள் பார்த்தார்கள். இந்த இடத்தில் எங்கள் தொழிலில் வழக்கமாக நடப்பது இரண்டு: தாயைத் திட்டுவோம், அல்லது கேட்காதது மாதிரி இருந்துவிடுவோம். டேவிட் ஆதர்டனும் மேரி ஷீஹனும் அதைச் செய்யவில்லை. கஷாயத்தையே பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு சிக்கல். லுவோ ஆளுக்கு ஒரு மருந்து கொடுப்பவர். ஆய்வுக்கோ எல்லாருக்கும் ஒரே மருந்து வேண்டும். கடைசியில், நீர் வடியாத, வறண்டு பரவிய கரப்பானுக்கு மட்டும் என்று வரம்பு கட்டி, பத்து மூலிகைகளில் ஒரே கலவையை முடிவு செய்தார்கள். ரெமானியா வேர், செம்பியோனி வேர், அதிமதுர வகை வேர் எல்லாம் அதில் உண்டு. பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்: ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ். நம் காலில் குத்தும் நெருஞ்சில்! நாம் நீர்க்கடுப்புக்குக் காய்ச்சுகிறோம். அவர்கள் அரிப்புக்குக் காய்ச்சுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் கஷாயம் தயாரித்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. கரப்பானுக்குப் பயன்படாதவை என்று கருதப்பட்ட வேறு செடிகளைச் சேர்த்து, அதே வாடையும் அதே கசப்பும் வரச் செய்தார்கள். 47 குழந்தைகள். எட்டு வாரம் ஒரு கஷாயம், நான்கு வாரம் இடைவெளி, பிறகு எட்டு வாரம் மற்றது. எது எப்போது என்று யாருக்கும் தெரியாது. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் 37 பேர். உண்மைக் கஷாயத்தில் தோலின் சிவப்பு பாதியாகக் குறைந்தது: இடைநிலை அளவில் 51 விழுக்காடு. போலியில் 6. இந்த ஆய்வு வெளிவந்த 1992இலேயே, 40 பெரியவர்களிடம் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. அதிலும் கஷாயமே வென்றது.

அது பிறகு ஸெமாஃபைட் என்ற பெயரில் கம்பெனி மருந்தாயிற்று. ஆனால் 1999இல் ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடமே அதைச் சோதித்தபோது, போலியைவிட மேலான பலன் தெரியவில்லை. கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்த செய்திகளும் மருத்துவ இதழ்களில் வந்திருந்தன. 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, கரப்பானுக்கான சீன மூலிகைகள் பற்றிய 28 ஆய்வுகளை, மொத்தம் 2,306 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டு, உறுதியான சான்று இல்லை என்றது. லண்டன் பிள்ளைகளின் தோல் ஆறியது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. ஆனால் கரப்பான் தானாகவே ஏறி இறங்கும் நோய். ஓர் ஊரில் ஒரு முறை கண்டதை வைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் மருந்து எழுத முடியாது.

களிம்புகளின் கதை வேறு. அதே 1999இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள், நோயாளிகள் கொண்டுவந்த 11 சீன மூலிகைக் களிம்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடியவர்கள் ஸ்டீராய்டையே விலை கொடுத்து வாங்கித் தடவியிருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சீனர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லை. என் அறைக்கு வருகிறவர்கள் பையிலிருந்து எடுக்கும் டப்பாக்களில் பாதிக்கு லேபிள் கிடையாது. "மெடிக்கல்ல குடுத்தாங்க சார், சுத்தமா மூலிகைதான்." மூன்றே நாளில் படை மறைந்தது என்றால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

இனி எங்கள் தாவரவியல் சாரின் கரும்பலகைக் கோடு. சீன மருந்துக் கடைகளில் 'மு தொங்' என்று ஒரு சரக்கு உண்டு. கொடியின் தண்டு. அந்தப் பெயரில் அகீபியாவும் வரும், ஒரு வகைக் கிளமாட்டிஸும் வரும், முன்பு மஞ்சூரியாவில் விளையும் அரிஸ்டொலோகியாவும் வந்தது. சீவி உலர்த்திவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம். முதல் இரண்டும் பெரிய தொல்லை தராதவை. மூன்றாவதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கப் போன நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதே இனத்தின் வேறொரு செடி, இதே போன்ற பெயர்க் குழப்பத்தால், கேடு செய்தது. பிரிட்டனில் இரண்டு பெண்களுக்குச் சிறுநீரகம் அடியோடு செயலிழந்த செய்தி 1999இல் வந்தது. இருவரும் குடித்தது கரப்பானுக்கான கஷாயம். அரிஸ்டொலோகியா நமக்கு அன்னியமில்லை. ஆடுதின்னாப்பாளை அந்த இனம்தான். அதற்குப் பெயர் வைத்தவர் ஆட்டைக் கவனித்திருக்கிறார்.

அக்குபங்சர் ஊசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் இந்தச் செடித் தொல்லை இல்லை. சீன மருத்துவத்துக்கு அரிப்பு என்பது பெரும்பாலும் காற்று: இங்கே எழும்பி அங்கே மறையும் தடிப்பைக் காற்று என்றார்கள். நாம் காணாக்கடி என்றோம். கடித்தது எது என்று இருவருக்குமே தெரியவில்லை. அரிப்புக்கு ஊசி குத்தும் இடங்கள்: முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி, முழங்காலுக்கு மேலே உட்புறம் 'ரத்தக் கடல்' என்று ஒரு புள்ளி. 2010இல் மியூனிக்கில் கரப்பான் உள்ள 30 பேருக்கு இந்த இடங்களில் குத்தியபோது, ஒவ்வாமைப் பொருள் கிளப்பிய அரிப்பு குறைந்தது. ஆனால் அது ஆய்வறையில் கிளப்பிய அரிப்பு. நாட்பட்ட காணாக்கடி உள்ள 330 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நான்கு வாரத்தில் 16 முறை குத்தினார்கள். போலி ஊசியைவிடச் சற்றே மேல். நோயாளி உணரும் அளவுக்கு இல்லை. அதை அப்படியே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகிறேன் என்பவரை நான் தடுப்பேன். மாத்திரையோடு ஊசியும் குத்திக்கொள்கிறேன் என்றால், புது ஊசியா என்று மட்டும் கேட்பேன்.

சீனப் பெட்டியில் எனக்குப் பிடித்த மருந்து ஒன்று உண்டு. காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்கு, 'சிங் தாய்' என்ற நீலப்பொடி. தைவானில் சாங் கங் மருத்துவமனையின் யின் கு லின் அதைக் களிம்பாக்கி, 42 பேருக்கு உடம்பின் ஒரு பக்கம் நீலக் களிம்பும் மறுபக்கம் வெறும் களிம்புமாகப் பூசச் செய்தார். 12 வாரத்தில் 31 பேருக்கு நீலப் பக்கம் முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ தெளிந்தது. தொல்லை ஒன்றுதான்: சட்டை, தலையணை, விரிப்பு எல்லாம் நீலம். பிறகு சாயத்தைக் குறைத்து எண்ணெயில் இறக்கினார்.

நீலம் என்றதும் நான் அவுரி என்று நினைத்தேன். சார் இருந்திருந்தால் அடித்திருப்பார். அந்தப் பொடிக்கு உதவும் செடிகளில் முதன்மையானது ஸ்ட்ரொபிலாந்தஸ் கூசியா. குறிஞ்சி பூத்த வருடம் எங்களைக் கோடைக்கானலுக்கு பஸ்ஸில் அழைத்துப் போய், மலைச்சரிவில் நிற்கவைத்து, ஸ்ட்ரொபிலாந்தஸ் என்று பத்து முறை சொல்லவைத்தவர் அவர்.