சூரிச்சில் முதல் நாள்



ஐரோப்பாவுக்குச் செல்லுதல் ஒரு காலத்தில் நம்மவருள் மிகச் சிலருக்கே வாய்த்தது. பின்னாளில் சேர் பட்டம் பெற்ற முத்துக்குமாரசுவாமி அவர்கள் 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருக்கவில்லை. அது திறக்கப்பட்டது 1869இலேதான். அக்காலத்தில் கடல் கடந்தோர் கல்வியும் பதவியும் நாடிச் சென்றோர். 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெருந்தொகையாகச் சென்றோரோ உயிரைக் காத்துக்கொள்ளச் சென்றோர். இன்று மூன்றாவது வகையினரும் பயணம் செய்கின்றனர். அவர்கள் அவ்வாறு சென்றோரைக் காணச் செல்லும் தாய் தந்தையரும் உடன்பிறந்தோருமாவர். இம்மூன்றாம் வகையினரின் முதல் நாள் எத்தகையது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

எமது ஊர் ஆரையம்பதி. கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் எல்லைகளாக அமைந்த ஊர். ஞாயிறு எழும் பக்கமாகிய எமது கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் ஞாயிறு சாயும் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவோம். எம் பகுதி வழமைப்படி வீடு பெண்ணுக்குரியது. மணம் முடித்த ஆண் மனைவியின் இல்லத்திற்குச் செல்வான். ஆகவே நானும் என் மனைவியும் மாமியாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வருகின்றோம். என் மனைவியின் தம்பியோ 1990ஆம் ஆண்டு, கிழக்கிலங்கை பெருந்துயருற்ற காலத்தில், நாட்டை விட்டு வெளியேறிச் சுவிற்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், அடுத்த தை மாதத்திற் பத்து நாட்கள் வந்து தங்கிச் சென்றார். அதன் பின் தாயும் மகனும் சந்திக்கவில்லை. அவருடைய பன்னிரண்டு வயது மகளை எம் மாமியார் தொலைபேசித் திரையிலன்றி நேரிற் கண்டதேயில்லை. 2020இற் செய்த பயண ஏற்பாட்டைக் கொள்ளைநோய் குலைத்தது. 2023 யூலை மாதத்திலேதான் நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

நுழைவு அனுமதி பெறும் அலைச்சலை விரித்துரைக்கப் போவதில்லை. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆயினும் 2008ஆம் ஆண்டின் இறுதி முதல் செங்கன் உடன்பாட்டின்படி ஒழுகுகின்றது. ஆகவே அங்கு செல்வோர் 180 நாட்களுள் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வைத்திருத்தல் வேண்டும். வெளிநாட்டுப் பாற்பொருள்களை அங்கே கொண்டு செல்வதற்குத் தடையுண்டு. தயிர்ச்சட்டி ஒன்றைப் பொதிக்குள் வைத்துவிட வேண்டுமென்ற மாமியாரின் விருப்பம் நிறைவேறவில்லை. வறுத்த கச்சானும் மரமுந்திரிகைப் பருப்பும் கொண்டு சென்றோம்.

சனிக்கிழமை காலை வீட்டை விட்டு நீங்கிய நாங்கள், வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி, ஞாயிறு நண்பகலுக்குப் பின் சூரிச் விமானநிலையத்தில் இறங்கினோம். அங்கே, தூரத்து இறங்குதுறையிலிருந்து பிரதான கட்டடத்திற்கு ஒரு சிறு வண்டி நிலத்தடியாகச் செல்கின்றது. அது சுரங்கத்தினுள் ஓடும்போது மாட்டு மணியோசையும் மாடு கத்தும் ஒலியும் எழுகின்றன. வருவோரை வரவேற்க அந்நாட்டினர் செய்து வைத்த ஏற்பாடு அது. விமானத்தில் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த மாமியார் அப்போதுதான் வாய் திறந்தார். “இஞ்சயும் மாடு வளக்கிறாங்களா மனே?” என்றார். படுவான்கரையில் பட்டிமாடு பார்த்து வளர்ந்தவருக்கு, அந்நிய மண்ணில் முதலிற் புரிந்த மொழி அதுவாகவே இருந்தது.

குடிவரவு அதிகாரி விரல் அடையாளம் கேட்டார். இளமை முழுவதும் பன்பாய் இழைத்துத் தேய்ந்த விரல்களைப் பொறி ஏற்க மறுத்தது. மும்முறை முயன்றும் பயனில்லை. என் மனைவி கலங்கினாள். அதிகாரியோ பொறுமையோடு விரலைத் துடைக்கச் செய்து, நான்காம் முறை வெற்றி கண்டு, தலையசைத்து வழிவிட்டார். வாழ்நாள் முழுவதும் உழைத்ததனாலேயே ஒருவருக்கு அடையாளம் தேய்ந்துபோகும் என்பதை அன்று அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன் நின்று எண்ணினேன்.

வெளியே மைத்துனர் மனைவியோடும் மகளோடும் நின்றார். தாயும் மகனும் தழுவிக்கொண்டதை விவரிப்பது என்னால் இயலாது. பேத்தி முன்வந்து, கைகூப்பி, “வணக்கம் அப்பம்மா. தங்கள் வரவு நல்வரவாகுக” என்று பிழையின்றி உரைத்தாள். வார இறுதித் தமிழ் வகுப்பிற் கற்று, பல நாள் பயின்ற வாக்கியம் அது. மாமியார் கண்ணீரோடு சிரித்துவிட்டார். “என்ன மனே, மேடையில பேசுறாப்போல பேசுறாய்!” என்றார். பிள்ளைக்கு அது விளங்கவில்லை. தந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையே அன்றைய நாளின் முக்கியமான செய்தி என்று எனக்குப் பட்டது. பதினெட்டு ஆண்டு காத்திருந்து, பல்லாயிரம் கல் தூரம் பறந்து வந்த பின்னும், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் ஒரு சிறு தூரம் எஞ்சியிருந்தது. இருவரும் பேசியது தமிழ்தான். ஒருத்தி ஏட்டுத் தமிழ் கற்றவள்; மற்றவர் வாவிக்கரைத் தமிழன்றி வேறறியாதவர்.

புகையிரதத்தில் நகருக்குச் சென்றோம். பயணச்சீட்டைப் பரிசோதிக்கும் வாயிற்கதவு எதுவும் அங்கில்லை. சீட்டு வாங்கியே ஏறுவர் என்ற நம்பிக்கை. இடையிடையே பரிசோதகர் வருவதுமுண்டு. நிலையத்துக் கடிகாரங்களின் செந்நிற வினாடி முள் வட்டத்தைச் சுற்றி முடித்து, உச்சியிற் சற்றே நின்று, நிமிட முள் நகர்ந்த பின்னரே மீண்டும் புறப்படுகின்றது. ஹான்ஸ் ஹில்பிக்கர் என்ற பொறியியலாளர் 1944ஆம் ஆண்டில் அமைத்த கடிகாரம் அது. ஞாயிற்றுக்கிழமையாதலின் தெருக்கடைகள் மூடிக் கிடந்தன. தெருவோரங்களில் நீரூற்றுகள் பாய்ந்துகொண்டிருந்தன. சூரிச் நகரில் அத்தகைய ஊற்றுகள் 1,200க்கு மேல் உள்ளன. அவற்றின் நீரை எவரும் குடிக்கலாம். சூரிச் ஏரி சுமார் 40 கிலோமீற்றர் நீளமானது. எமது வாவி அதனினும் நீளம் என்று நான் கூறியபோது, பேத்தி வியப்போடு குறித்துக்கொண்டாள்.

வீடு சேர்ந்து உணவருந்தும் வேளையில் மாமியார், பொதியைப் பிரிக்கக் கேட்ட பிள்ளையிடம், “மறுகா தாறன் மனே” என்றார். ‘மறுகா’ என்றால் என்னவென்று அவள் தந்தையிடம் கேட்டாள். மைத்துனர் உடனே விடை கூறவில்லை. உணவிற் கை வைத்தபடி சற்று நேரம் இருந்தார். “பிறகு என்று பொருள்” எனச் சொல்லிவிட்டு, “அத்தான், இந்தச் சொல்லை நான் சொல்லிப் பல வருடமாகிவிட்டது” என்றார். சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 தமிழர் வாழ்வதாகக் கூறுவர். அவருட் பெரும்பாலோர் வடபகுதியைச் சேர்ந்தோர். அவர்களோடு பேசிப் பழகியதில், தம் ஊர்ப் பேச்சை அவர் பெட்டியில் மடித்து வைத்துவிட்டார். மகளுக்குக் கொடுக்க ஏட்டுத் தமிழே எஞ்சியது.

பிள்ளை என்னிடம் ஒன்று சொன்னாள். “இங்கும் எழுதுவது ஒன்று, பேசுவது வேறொன்று மாமா.” உண்மையே. அந்நாட்டுக்கு யேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமான்சு என நான்கு தேசிய மொழிகள் உண்டு. யேர்மன் பேசும் பகுதியிலோ, ஏட்டிற் பயில்வது பொது யேர்மன். வீட்டிலும் தெருவிலும் பேசுவது அவ்வவ்வூர்ப் பேச்சு. கற்றோரும் அதனைப் பேச நாணுவதில்லை. வானொலியிலும் அது ஒலிக்கின்றது. ஆதலின் அப்பிள்ளைக்கு இருவகை மொழி புதிதன்று. தன் தமிழுக்கும் அவ்வாறு ஓர் ஊர்ப்பேச்சு உண்டென்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே. குறிப்பேட்டில் ‘மறுகா’ முதலாவது சொல்லாக ஏறிற்று. ‘கிறுகி’ அடுத்தது. திரும்பி என்று பொருள்.

எங்கள் வீட்டில் மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றுவது மாமியாரின் வழக்கம். அன்று ஏழு மணியாயிற்று, எட்டும் ஆயிற்று, வெயில் தணியவில்லை. “இந்த ஊரில பொழுது படுறதில்லையா?” என்று அவர் கேட்டார். ஒரு தோடம்பழத்தை எடுத்துப் பேத்திக்குக் காட்டினேன். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டுப் பாகை வடக்கே உள்ளது; சூரிச் நாற்பத்தேழு பாகைக்கு மேல். பூமியின் அச்சுச் சாய்ந்திருப்பதனால், யூலை மாதத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் நீளுகின்றது. அதனை அவள் பாட்டிக்கு எடுத்துச் சொல்ல முயன்றாள். ‘பொழுது படுதல்’ என்னும் தொடரும், அதிலிருந்து படுவான்கரை என்ற பெயரும் அவள் ஏட்டில் இடம்பெற்றன. ஒன்பதே கால் மணிக்குப் பின்னரே ஞாயிறு மறைந்தது. இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்துவிட்டது. இரண்டு நாட்களாகச் சரிவர உறங்காத அம்முதியவர், அதுவரை விழித்திருந்து, பேத்தியின் கையாலேயே விளக்கை ஏற்றுவித்தார்.

நேயர்களே, பிறநாடு செல்வோர் முதல் நாளிற் கட்டடங்களையும் கடிகாரங்களையும் கண்டு வியப்பது இயல்பு. அவை மறுநாளும் அங்கேயே இருக்கும். முதியோரின் பேச்சு அவ்வாறன்று. உங்களுட் பலருக்குக் கடல் கடந்த பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டுமென்று நம் பேச்சை மாற்றிக்கொள்ளுதல் வேண்டா. சமையற்கட்டிற் பேசுவதையே பேசுங்கள், விளங்காத சொல்லை அவர்கள் கேட்கட்டும், நீங்கள் விளக்குங்கள். ஏட்டுத் தமிழை ஆசிரியர் கற்பிப்பார். ஊர்த் தமிழைக் கற்பிக்க உங்களையன்றி வேறு ஆசிரியர் எவரும் இல்லை.