ஆண்ட்ரோமீடாவில் ஒரு புதுப் புள்ளி

என் முன்னே இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுபவை: நமக்கு அண்டையிலுள்ள ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திர மண்டலத்தின் நடுப்பகுதி. முதல் படத்தில் இல்லாத ஒரு புள்ளி இரண்டாவதில் இருக்கிறது. அந்தப் புள்ளியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியால் எடுத்த படங்கள் அல்ல இவை. எலும்பைக் காட்டும் எக்ஸ் கதிர்களால் எடுத்தவை. விண்ணிலிருந்து வரும் அக்கதிர்களை நம் காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. நமக்கு அது பாதுகாப்பு; வானநூலாருக்கோ தொல்லை. ஆகையால் கருவியை மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. 1999இல் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற இரு விண்தொலைநோக்கிகள் ஏவப்பட்டன. முன்னதன் பெயர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக இடப்பட்டது.

நம் பால்வீதியிலேயே இத்தகைய பொருள்கள் இருக்க, 25 லட்சம் ஒளியாண்டு கடந்து தேடுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்பவன் பக்கத்திலுள்ள தலைகளைத்தான் காண்பான். கூட்டம் எவ்வளவு என்பதை மாடியில் நிற்பவனே அறிவான். பால்வீதியினுள் தூசி மறைக்கிறது; ஒரு பொருள் மங்கலாயிருப்பது தூரத்தாலா, இயல்பாலா என்று தெரிவதும் அரிது. ஆண்ட்ரோமீடாவில் உள்ளவை யாவும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே பிரகாசத்தைத் தயக்கமின்றி ஒப்பிடலாம்.

புள்ளி திடீரென்று தோன்றுவது எவ்வாறு? ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. விண்மீனிலிருந்து வழியும் வாயு நேரே உள்ளே விழுவதில்லை; தட்டுப்போல் சுழன்று, ஏரியில் நீர் சேர்வதுபோல ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது. போதிய அளவு சேர்ந்ததும் தட்டுச் சூடேறி, ஹைட்ரஜன் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன, உராய்வு மிகுகிறது, கரை உடைந்தாற்போல் வாயு உள்ளே பாய்ந்து, ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. சில வாரங்கள் அல்லது மாதங்கள். பின்னர் மீண்டும் இருள். நம் பால்வீதியிலுள்ள வி404 சிக்னி இவ்வாறு 1938, 1989, 2015 ஆகிய ஆண்டுகளில் பொங்கி எழுந்தது.

2012 ஜனவரியில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆண்ட்ரோமீடாவில் கண்ட புள்ளி சாமானியமானதன்று. உச்சத்தில் அது எக்ஸ் கதிர்களாக வீசிய ஆற்றல், சூரியனின் மொத்த ஆற்றலைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல். ரேடியோ அலைகளும் வந்தன. சில பத்து நிமிஷங்களில் அவை ஏறி இறங்கின. அப்படியானால் அவை பிறந்த இடம், ஒளி அத்தனை நிமிஷங்களில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது! சூரியனைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு எடையுள்ள கருந்துளை ஒன்று பேராசையுடன் வாயுவை விழுங்கியதே காரணம் என்று ஆய்வாளர் கருதினர்.

ஆனால் எனக்கு வியப்பளிப்பது முதற்படமே. அந்த இடம் முன்பு வெறுமையாயிருந்தது என்று எப்படித் தெரிந்தது? அதே பகுதியை ஆண்டுதோறும் பலமுறை படமெடுத்து, புதிதாய் ஒன்றும் இல்லாத படங்களையும் பத்திரப்படுத்தியிருந்தார்கள். பார்த்ததையே ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அந்தப் புள்ளியே விடை. எனினும் இரு படங்களுக்கு இடையே தோன்றி மறைந்தவை எத்தனையோ! 25 லட்சம் ஆண்டு பயணம் செய்து வந்த கதிர்கள், அந்த வாரம் எந்தக் கருவியும் அத்திசை நோக்காததால், நம்மைக் கடந்து போய்விட்டன.