சீட்டாட்டமும் எண்ணும் பொறியும்

சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்ன மன்னனுக்குத் தேரோட்டியாய் இருந்த காலத்தில் அவனிடம் ஒரு வித்தையைக் கற்றான் என்பது அக்கதை அறிந்த நேயர்கள் மறவாத செய்தி. வழியில் நின்ற தான்றி மரத்தைப் பார்த்த அளவிலே எண்ணிச் சொல்லும் வித்தை அது. அதனைக் கற்றவன் மறுபடியும் சூதாடி நாட்டை மீட்டான். எண்ணத் தெரிந்தவனுக்குச் சூது அடங்கும் என்னும் நம்பிக்கை அத்துணைப் பழமையானது. இன்று அந்நம்பிக்கை கணினியின்மேல் ஏறியிருக்கிறது. இணையச் சூதாட்டத் தளங்களில் பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தைத் தானாகவே ஆடிப் பணம் ஈட்டித் தரும் என்று சொல்லி மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. அவை தளத்தை வெல்லுமா என்பதே வினா.

ஆட்டம் எளியது. கையிலுள்ள சீட்டுகளின் தொகை 21ஐத் தாண்டாமல், விடுதிக்காரரின் தொகையை விஞ்சவேண்டும். விடுதிக்காரர் 16 வரை கட்டாயமாகச் சீட்டு எடுப்பார், 17இல் நிற்பார். ஆட்டக்காரருக்கு எடுக்கவும் நிற்கவும் விருப்பம் உண்டு. ஆனால் அவர் முதலில் எடுத்து 21ஐத் தாண்டிவிட்டால், பின்னர் விடுதிக்காரரே தாண்டினாலும் போன பணம் போனதுதான். விடுதியின் ஆதாயம் இந்த முறைவரிசையில் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க இராணுவத்தின் அபர்டீன் சோதனைத் தளத்தில் பணியாற்றிய நால்வர், மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு, எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிற்பது என்று கணித்து 1956இல் வெளியிட்டனர். அம்முறை பிசகாது ஆடினால் விடுதியின் ஆதாயம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைகிறது. குறைகிறதே தவிர, மறையவில்லை.

மறையச் செய்தவர் எட்வர்ட் தோர்ப் என்னும் கணித ஆசிரியர். ஐ.பி.எம். 704 கணினியில் அவர் கண்டது இது: ஆடித் தீர்ந்த சீட்டுகள் கட்டுக்குத் திரும்பாதவரையில், எஞ்சிய கட்டின் தன்மை மாறிக்கொண்டே போகிறது. ஐந்து போன்ற சிறு சீட்டுகள் தீர்ந்து, பத்தும் ஏஸும் மிகுந்திருந்தால், கட்டாயமாக எடுக்கும் விடுதிக்காரர் அடிக்கடி 21ஐத் தாண்டுவார். அப்போது பந்தயத்தை உயர்த்தினால் ஆதாயம் ஆட்டக்காரர் பக்கம் சாய்கிறது. முந்நூற்றுநான்கு ஆடிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை. போன சீட்டை நினைவில் வைத்திருப்பவனுக்கு அந்த ஆட்டத்திலும் ஒரு படி மேல். தோர்ப் 1961இல் நெவாடா மாநிலத்து விடுதிகளில் ஆடி வென்றார். 1962இல் நூலும் எழுதினார். 1964இல் லாஸ் வேகாஸ் விடுதிகள் விதிகளை மாற்றிப் பார்த்தன. ஆட்டக்காரர் வரவு குறையவே, சில வாரங்களில் பழைய விதிகளுக்கே திரும்பின. 1970களில் கீத் டாஃப்ட் என்பவர் உடம்பில் மறைத்துக் காற்பெருவிரலால் இயக்கும் சிறு கணினியைச் செய்தார். நெவாடா அரசு 1985இல் அத்தகைய கருவிகளைச் சட்டத்தால் தடுத்தது. வெல்லாத பொறியைத் தடுக்கச் சட்டம் எதற்கு?

ஆனால் இணையத் தளத்தின் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் கட்டு என்று ஒன்று இல்லை. எண்களைத் தற்செயலாகப் பிறப்பிக்கும் நிரல் ஒன்று, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதுக் கட்டையே கலைத்துப் போடுகிறது. முந்திய ஆட்டத்தில் என்ன சீட்டு வந்தது என்ற நினைவுக்கு அங்கு வேலையில்லை. எண்ணி முடிக்குமுன் இலையெல்லாம் உதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் தான்றி மரத்தின் முன்னே நளன்தான் என்ன செய்வான்? மனிதர் சீட்டுப் போடுவதை நேரே காட்டும் தளங்களிலும், வழக்கமாக எட்டுக் கட்டுகளைச் சேர்த்து, ஏறத்தாழப் பாதி ஆடியதும் மாற்றிவிடுகிறார்கள். எண்ணுபவருக்கு எஞ்சுவது மிகச் சொற்பம்.

ஆகவே மென்பொருள் செய்யக்கூடியது, அந்த நால்வர் முறையைப் பிசகாது ஆடுவது மாத்திரமே. நல்ல விதிகளுள்ள தளத்தில் விடுதியின் ஆதாயம் அப்போது நூற்றுக்கு அரை அளவில் நிற்கும். பொறியின் பெருமையாகச் சொல்லப்படும் வேகமே இங்கு அதற்குப் பகையாகிறது. ஆட்டத்துக்கு 100 ரூபா வைத்து ஒருவர் மாலையில் 100 ஆட்டம் ஆடினால், கணக்குப்படி அவர் இழப்பது 50 ரூபா. அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமோ ஏறத்தாழ 1,150 ரூபா. வென்று எழுந்து போகவும் இடமுண்டு. அதே பந்தயத்தைப் பொறி மணிக்கு 500 ஆட்டமாக இரவும் பகலும் ஆடினால், ஏறத்தாழ 83 நாட்களில் பத்து இலட்சம் ஆட்டம் ஆகும். கணக்குப்படி இழப்பு 5 இலட்சம் ரூபா. ஏற்ற இறக்கமோ 1,15,000 ரூபா அளவே. அதிர்ஷ்டத்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டுவது அரிதினும் அரிது. சம்பளப் பணத்தைக் கட்டி, பொறியை ஓடவிட்டு உறங்கப் போகிறவர், தோல்வியை விரைவுபடுத்திவிட்டே உறங்குகிறார்.

தோற்றபோதெல்லாம் பந்தயத்தை இரட்டிக்கும் மென்பொருள்களும் உண்டு. 100 ரூபாவில் தொடங்கிப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் போனது 1,02,300 ரூபா. அதற்கு முன்னரே தளத்தின் பந்தய எல்லை குறுக்கே நிற்கும்.

கலைக்கும் நிரலே பழுதாயிருந்தால்? 1999இல் இணையப் போக்கர் தளம் ஒன்றின் நிரலை ஆய்ந்த மென்பொருள் நிபுணர்கள், கணினிக் கடிகாரத்தை ஒட்டியே அது சீட்டைக் கலைக்கிறது என்று கண்டு, வரப்போகும் சீட்டுகளை முன்னதாகவே சொன்னார்கள். அப்பழுது திருத்தப்பட்டது. கடையில் விலைக்கு வரும் மென்பொருளில் அத்தகைய திறவுகோல் இருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

ஒரு சந்து மட்டும் இருந்தது. புதியவர்களுக்குத் தளங்கள் வரவேற்புப் பணம் தருவதுண்டு. 10,000 ரூபா கொடுத்து, அதன் முப்பது மடங்கு பந்தயம் கட்டவேண்டும் என்றால், மூன்று இலட்சத்துக்கு இழப்பு 1,500 ரூபா, மிச்சம் இலாபம். பொறிகள் இதைத் தேடித் திரிந்தன. தளக்காரருக்கும் கணக்குத் தெரியும். பிளாக்ஜாக் பந்தயத்தைப் பத்தில் ஒன்றாகவே கணக்கில் எடுப்போம் என்று பல தளங்கள் விதி எழுதின. அப்போது முப்பது இலட்சத்துக்குப் பந்தயம் கட்டவேண்டும். இழப்பு 15,000 ரூபா. பொறியால் ஆடுவது தெரிந்தால் கணக்கை மூடிப் பணத்தை நிறுத்திவைக்கும் உரிமையும் அந்த விதிகளிலேயே, சிறிய எழுத்தில், சேர்ந்திருக்கிறது.