ஆயர் இல்லத்திற்கு நாம் எடுத்துச் செல்வது

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் அத்தகைய உரைகள் பல ஆற்றியிருக்கிறேன். ஆனால் வாலிபர் சங்கத்தார் மூவர் சென்ற மாதம் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து வேறொரு கேள்வியை வைத்தார்கள். நம் ஊர்த் திருச்சபையின் ஆயர் வரும் மே மாதம் மாற்றலாகிச் செல்கிறார். அவர் குடும்பத்திற்கு அன்பளிப்பு வழங்க வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியிருக்கிறார்கள். ஒருவர் சுவர்க் கடிகாரம் என்கிறார். மற்றொருவர் பெயர் பொறித்த கேடயம் என்கிறார். மூன்றாமவர் வெள்ளிக் குத்துவிளக்குக்குக் குறைந்து எதுவும் கூடாது என்கிறார். "அம்மா, நீங்கள் குருமனையிலே பிறந்து வளர்ந்தவர்கள், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றார்கள். வெள்ளி விழா மேடையிலேயே சொல்லிவிடுகிறேன் என்று அன்று அனுப்பிவைத்தேன்.

நம் உறுப்பினர்களில் திருச்சபையைச் சேராதவர்களும் பலர் உண்டு. அவர்களுக்கு இது அயலார் வீட்டுச் செய்தி எனத் தோன்றலாம். நம் சேரியில் முதன் முதலாக இரவுப் பாடம் நடந்தது குருமனைத் திண்ணையில்தான் என்பதை மூத்தோர் அறிவர். அந்தத் திண்ணையில் எரிந்த விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கியவர் ஆயரின் துணைவியார். கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் அச்செலவு ஏறவில்லை. ஆகையால் இப்பொருள் நம் அனைவருக்கும் உரியதே.

என் தந்தையார் நம்மைப் போன்றதொரு சேரியில் பிறந்து, இறையியல் கற்று, ஆயராக அருட்பொழிவு பெற்றவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள் சென்னைக் கதீட்ரல் ஆலயத்தில் உருவானபோது அவர் இளைஞர். குருமனை என்பது யாருடைய வீடும் அன்று. கட்டில், மேசை, அலமாரி யாவும் சேகரத்தின் உடைமை. போகும்போது பட்டியலைச் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கென்று சொந்தமாக இருந்தவை நான்கு தகரப் பெட்டிகளும், அப்பாவின் நூல்களும், பெயர் வெட்டிய பாத்திரங்களுமே. அந்தப் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு சேகரத்திலும் விடைபெறும்போது ஓர் எவர்சில்வர் குடம் தருவார்கள். வயிற்றில் சங்கத்தின் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். குடங்கள் ஆறு சேர்ந்தன. தண்ணீர் பிடிக்க இரண்டு போதும். மற்ற நான்கும் ஊர் ஊராக லாரியில் ஏறி இறங்கின. பெயர் வெட்டிய பொருளை விற்கவும் முடியாது, பிறருக்குக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தவர்களின் அன்பை நான் குறை கூறவில்லை. அவர்கள் குடத்தைப் பற்றி எண்ணினார்கள், அது போய்ச் சேரும் வீட்டைப் பற்றி எண்ணவில்லை, அவ்வளவே.

விவிலியத்தில், இரண்டாம் இராஜாக்கள் நூலின் நான்காம் அதிகாரத்தில், சூனேம் ஊர்ப் பெண்ணொருத்தி வருகிறாள். தீர்க்கதரிசி எலிசா தன் ஊர் வழியே அடிக்கடி போய்வருவதைக் கவனிக்கிறாள். கணவனிடம் கூறி மாடியில் ஒரு சிற்றறை கட்டுவித்து, அதில் கட்டில், மேசை, இருக்கை, விளக்குத்தண்டு ஆகிய நான்கையும் வைக்கிறாள். வழி நடந்து களைத்து வருபவனுக்கு வேண்டியவை இந்நான்குமே. ஐந்தாவதாக ஒரு கேடயத்தை அவள் வைக்கவில்லை! பவுல் அப்போஸ்தலரோ சிறையிலிருந்து எழுதும்போது, துரோவா ஊரில் விட்டு வந்த மேலங்கியையும் நூல்களையும் எடுத்து வருமாறு தீமோத்தேயுவுக்குச் சொல்லுகிறார். குளிர்காலத்திற்கு முன் வந்துவிடு என்றும் எழுதுகிறார். ஊழியருக்கும் குளிர் உண்டு, படிக்கும் ஆசையும் உண்டு.

இனி, சொல்லக் கூசும் செய்தியொன்றைச் சொல்லுகிறேன். நம் பாட்டன் பாட்டிமார் பண்ணை வீடுகளின் புறக்கடையில் நின்று பழஞ்சோறும் பழந்துணியும் வாங்கியவர்கள். கழித்த பொருள் எப்படிக் கைமாறும் என்பதை நம்மைவிட அறிந்தவர் எவர்? அவ்வாறிருந்தும், புது மின்விசிறி வாங்கியதும் பழைய விசிறியைக் "குருமனைக்கு ஆகும்" என்று அனுப்புகிறோம். பஞ்சு கட்டிப்போன மெத்தையும், ஒரு கால் ஆடும் மேசையும் அவ்வாறே போகின்றன. என் தாயார் அவற்றை இன்முகத்துடன் பெற்றுக்கொண்டு நன்றி கூறுவார். பின்கட்டுக்கு வந்ததும் அவர் முகம் வேறாகிவிடும். அந்த முகத்தைப் பார்த்தவள் நான்.

உணவைப் பற்றியும் இவ்விடத்தில் பேசியாக வேண்டும். நான் சிறுமியாயிருந்தபோது எங்கள் பாட்டனார் சேரிக்கு ஓர் ஆயர் வருவார். அவர் வேறு வகுப்பினர். அரிசியும் கோழியும் முருங்கைக்காயும் கொடுத்தால் வண்டியில் ஏற்றிக்கொள்வார். ஆக்கிய சோற்றை மட்டும் உண்ணமாட்டார், தண்ணீரும் அருந்தமாட்டார், ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். பச்சரிசிக்கு இல்லாத தீட்டு, உலையில் கொதித்தபின் எப்படி வந்து சேர்ந்தது என்று பாட்டி கேட்பார். அதற்கு எவரும் விடை சொல்லவில்லை.

பின்னர் என் தந்தையாரை நகரத்துச் சபையொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே புதிதாக வரும் ஆயர் வீட்டிற்கு முதல் மாதம் முழுவதும் உறுப்பினர்கள் முறைவைத்துச் சாப்பாடு அனுப்புவது வழக்கமாம். எங்களுக்கு ஒரு வேளையும் வரவில்லை. காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எங்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு மாலைப் பொழுதில், அச்சபையின் உயர்ந்த குடும்பம் எனப்பட்ட வீட்டிலிருந்து ஓர் அம்மையார் தூக்குப் பாத்திரத்துடன் தாமே வந்தார். கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா நன்றி கூறிப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அவரோ வாங்கவில்லை. "வெறும் பாத்திரத்தைத் திருப்பலாமா? உங்கள் அடுப்பில் என்ன இருக்கிறதோ அதில் கொஞ்சம் போடுங்கள்" என்றார். அடுப்பில் இருந்தது கேழ்வரகுக் களி. அம்மா தயங்கித் தயங்கி ஓர் உருண்டையை வைத்தார். அந்த அம்மையார் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவுமில்லை. அடுப்பங்கரையிலேயே நின்று, எங்கள் கீரைக் குழம்பைத் தொட்டுக்கொண்டு உண்டார். பின் மறுபடியும் பாத்திரத்தை நீட்டினார்! என் பெற்றோர் தம் ஊழிய காலத்தில் பெற்ற அன்பளிப்புகளில் அவர்கள் இறுதிவரை நினைவுகூர்ந்தது அதைத்தான்.

இளைஞர்களே, நம் மக்கள் ஏழைகள், ஆகவே கொடுப்பது நம் வேலையன்று என்று எண்ணுவோரும் உளர். வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்கள் 1912 ஆம் ஆண்டில் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். அவருடைய மேய்ப்பில் இருந்தோரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்புகளைச் சேர்ந்த கூலி உழவர். வறுமையைக் காட்டி அவர்களைக் கொடுக்கும் உரிமையிலிருந்து அவர் விலக்கி வைக்கவில்லை. கொடுத்தலைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம் தாய்மார் உலையிலிடும்முன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்துவைக்கும் பழக்கமும் அத்தகையதே. மிசோரம் மலைநாட்டுப் பெண்கள் நூறாண்டுகளுக்கு மேலாக அவ்வாறே செய்து வருகிறார்கள். அந்தப் பிடியரிசியால் பெரும் பணிகள் நடந்திருக்கின்றன.

ஆயரம்மாவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவருக்கு ஒரு பெயர் உண்டென்பதே பலருக்குத் தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, நோயாளிகளைச் சந்தித்தல், வருவோர் போவோருக்குத் தேநீர், அனைத்தும் அவர் தலையில். ஊதியமோ கணவருக்கு மட்டும். ஆண்கள் குழு கூடி அவருக்குப் பட்டுப்புடவை எடுக்கிறது, அதை உடுத்தினால் ஆடம்பரம் என்று அதே குழு பேசுகிறது. எங்கள் சேகரமொன்றில் பால்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் குருமனைக்கு ஆட்கள் வருவதையும், வாங்கிய அரைப் படிப் பால் தேநீருக்கே தீர்ந்துவிடுவதையும், எங்களுக்கு இரவில் வெறும் நீராகாரம் என்பதையும் எப்படியோ கண்டுகொண்டார். நான்காண்டுகள் ஞாயிறுதோறும் ஒரு செம்புப் பாலைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போனார். மணியும் அடிக்கமாட்டார். கிறிஸ்துமஸ் நாளில் எங்கள் வீட்டில் பதினான்கு கேக்குகள் குவியும், பிப்ரவரியில் சம்பளம் தாமதமாகும். அந்தச் செம்பு இரண்டு மாதத்திலும் வந்தது.

மாற்றலில் மிகுதியாக அடிபடுவது பிள்ளைகளின் படிப்பு. நான் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை ஐந்து பள்ளிகளில் முடித்தவள். 1972 ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் தந்தையாருக்கு மாற்றல் ஆணை வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு எழுதலாம் என்றார்கள். அப்பொழுது தோல் தொழிற்சாலையில் கூலி வேலை செய்த ஒரு சபையார், "பிள்ளை எங்கள் வீட்டில் இருந்து எழுதட்டும், ஐயா" என்றார். ஒரே அறை கொண்ட ஓட்டு வீடு. அவர்கள் ஐவர், நான் ஆறாவது. இரவில் அவர்கள் அனைவரும் வாசலில் பாய் விரித்துக்கொண்டு, உள்ளே எனக்கென்று ஓர் அரிக்கன் விளக்கையும் ஒரு பலகையையும் விட்டுவைத்தார்கள். கண்ணாடியைத் தினமும் சாம்பலிட்டுத் துடைத்துவைத்தது அவர்களுடைய மூத்த மகள். அவள் பள்ளி சென்றதில்லை. நான் தேர்ச்சி பெற்றேன். ஆசிரியை ஆனேன். அந்த மகளின் பேரன் இன்று நம் கழகத்தின் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நம்மவர் கிறித்தவரானால் அவருடைய பிள்ளைக்குப் பட்டியல் வகுப்பின் இட ஒதுக்கீடு இல்லை. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவ்வாறு வகுத்தது. 1956 இல் சீக்கியருக்கும், 1990 இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறித்தவருக்குத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். நம் சேரியில் ஒரே கிணற்றில் நீர் இறைத்த இரு வீட்டுப் பிள்ளைகள் கல்லூரி வாசலில் இரு வேறு வரிசைகளில் நிற்கிறார்கள். நம் கழகம் அப்படிப் பிரிப்பதில்லை. அன்பளிப்பு வாங்கச் செல்லும் நீங்களும் இதை எண்ணிப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. செல்வர் ஒருவர் ஆயருக்குத் தனியே விலையுயர்ந்த பொருளைக் கொடுத்து, சேகரக் குழுத் தேர்தலில் அதற்குக் கைம்மாறு எதிர்பார்த்ததைக் கண்டிருக்கிறேன். அதன்பின் அந்த ஆயரால் அவரைக் கண்டித்து ஒரு சொல் சொல்ல இயலவில்லை. ஆதலால் கொடுப்பதைச் சபையாகச் சேர்ந்து கொடுங்கள். கொடுத்தவர் பட்டியலை ஆராதனையில் வாசிக்க வேண்டா. பத்து ரூபாய் போட்ட கிழவியின் பெயர் கடைசியில் வருமானால் அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடிகாரம் வேண்டா, குருமனையில் இப்பொழுதே மூன்று ஓடுகின்றன, மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன. கேடயமும் வேண்டா. நம் ஆயரின் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். ஆயருக்கு மே மாதம் மாற்றல். கல்லூரிச் சேர்க்கையும் அதே வேளையில்தான். புது ஊரில் சாமான்களை இறக்கிவைத்த கையோடு தந்தை விண்ணப்பப் படிவங்களுக்கும் கட்டணத்திற்கும் அலைய வேண்டியிருக்கும். திரட்டிய தொகையில் பெரும்பகுதியை அவளுடைய முதலாண்டுக் கட்டணத்திற்கென உறையிலிட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். மகன் எட்டாம் வகுப்பு. அவனுக்காக அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கொன்றைப் பெற்றோரைக் கொண்டு தொடங்கச் செய்து, முதலாண்டுத் தவணைகளை நாம் ஏற்கலாம். ஊர் மாறினாலும் அக்கணக்கை அங்குள்ள அஞ்சலகத்திற்கு மாற்றிக்கொள்ள முடியும். ஆயரம்மாவுக்கு என்ன வேண்டும் என்று பெண்கள் இருவர் நேரில் போய்க் கேளுங்கள். ஒன்றும் வேண்டா என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

மூட்டை கட்டும் நாளில் வாலிபர் பத்துப் பேர் காலையிலேயே போய் நில்லுங்கள். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. மூன்று வேளைச் சாப்பாடும் நம் தெருவிலிருந்து போகட்டும். முதல் வேளை என் வீட்டினுடையது. மற்ற இரண்டுக்கும் பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பாத்திரங்களை எவரும் உடனே திருப்பிக் கேட்க வேண்டா.