வெட்டிய ஈறு ஏன் திரும்ப வளர்ந்தது?



பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு முன்பற்களின் இடையில், ஈறில் சிவப்பாக ஒரு சதை வளர்கிறது. வலி கிடையாது. பிரஷ் பட்டால் ரத்தம் கொட்டும். வீட்டில் உள்ளவர்கள் புற்றுநோய் என்று கலங்கிப்போவார்கள். இந்த வயதில் வருவது பெரும்பாலும் புற்றாக இருப்பதில்லை. ஆனால் வெட்டி எடுத்த பிறகும் சிலருக்கு அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அது ஏன் என்று மருத்துவர்கள் புரிந்துகொள்ள ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏழாம் நூற்றாண்டில் பால் (Paul) என்ற கிரேக்க மருத்துவர் இந்தக் கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். சீழ்க்கட்டி வேறு, சதை வளர்ச்சி வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். அவருக்குப் பின், சுமார் 1000ஆம் ஆண்டில், ஸ்பெயினின் கொர்டோபா பக்கத்தில் வாழ்ந்த அல் சஹ்ராவி சிகிச்சையை விளக்கமாகவே எழுதினார். கொக்கியால் சதையைத் தூக்கிப் பிடி, அடியோடு வெட்டு, பொடி வை. திரும்ப வந்தால் இன்னொரு முறை வெட்டி, காய்ச்சிய இரும்பால் சுடு. மயக்க ஊசி இல்லாத காலம் அது. அந்த வலியைத் தாங்கிய பிள்ளைகளை நினைத்தாலே மனம் பதறுகிறது.

அதே நூலில் வேறோர் அத்தியாயத்தில், பல்லில் படியும் காறையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை அவர் படம் போட்டே காட்டுகிறார். கட்டி திரும்ப வருவதற்கான காரணமும் அதற்கான மருந்தும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன. ஆனால் காறையையும் கட்டியையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

1897இல் பிரான்ஸின் லியோன் நகர மருத்துவர்கள் போன்சே, டோர் இருவரும் விரல்களில் வளர்ந்த இதே வகைச் சதையை ஆராய்ந்தார்கள். காயடித்த குதிரைகளுக்கு வரும் கட்டியைப் போலிருந்ததால், பூஞ்சைதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது.

இன்று நமக்குத் தெரிந்தது இதுதான். பல்லிடுக்கில் தங்கும் அழுக்கும் காறையும், உடைந்த பல்லின் கூர்முனையும், சரியாகப் பொருந்தாத பல்கம்பியும் ஈறை ஓயாமல் உறுத்துகின்றன. உடம்பு அதை ஆற்றப் பார்த்து, அளவுக்கு மீறிச் சதை போடுகிறது. பருவமடையும் வயதில் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்தால் வளர்ச்சி இன்னும் வேகமாகும். 1966இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கட்டியை வெட்டி எடுத்தவர்களில் சுமார் 16 விழுக்காட்டினருக்கு அது மீண்டும் வந்திருந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலாக வெட்டினால் மழைக்கு மறுபடி தலைதூக்கும். ஈறிலும் அப்படித்தான். எலும்பை ஒட்டிய சவ்வு வரை எடுக்க வேண்டும், பக்கத்துப் பற்களின் காறையையும் நீக்க வேண்டும்.

பிறந்த குழந்தையின் ஈறில் வரும் கட்டி வேறு வகை. அதைப் பற்றி 1871இல் நியூமன் என்ற ஜெர்மானியர் எழுதினார். பெண் குழந்தைகளுக்கே அதிகம். பால் குடிக்கத் தடையாக இருந்தால் வெட்டுவார்கள், திரும்ப வராது.

இன்னொன்றைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1938இல் வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் மாத்திரை வந்தது. எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றிய மருந்து. மறு ஆண்டே அமெரிக்க மருத்துவர் கிம்பல், அதை உட்கொண்ட தம் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடுவதைக் கண்டு எழுதினார். பெற்றோர்களே, இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் வீக்கமும் குறையும்.

இனி நம் மலேசிய நாட்டுக் கதை, அது நியூசிலாந்திலிருந்து தொடங்குகிறது. அங்கே 1921இல், பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே தாதியருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். அதே முறையில் 1949இல் பினாங்கில் பயிற்சி ஆரம்பமானது. பல் மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த மலாயாவில் இது பெரிய காரியம். இந்தப் பல் மிஸ்ஸிகள் காறை எடுப்பார்கள், சொத்தையை அடைப்பார்கள், ஆடும் பாற்பல்லைப் பிடுங்குவார்கள். கட்டியை வெட்டுவது அவர்கள் வேலையில்லை, அதை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். கொர்டோபாவில் சூட்டுக்கோல் செய்யாததை, பள்ளிக்கூட நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்துக் காறை சுரண்டிய கை செய்தது என்பேன். எத்தனை கட்டிகளை அது வரவிடாமல் தடுத்திருக்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது, அதனால்தான் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்றைய இளையோருக்குப் புதிதாக ஓர் ஆபத்து, அழகுக்காக மாட்டும் போலிப் பல்கம்பி. படித்துத் தகுதி பெறாதவர்கள் வீட்டிலும் கடையிலும் ஒட்டிவிடுகிறார்கள். அடியில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்குகிறது. அப்படி மாட்டியிருந்தால் வெட்கப்படாமல் பல் மருத்துவரிடம் போய்க் கழற்றிவிடுங்கள்.

ஈறுக் கட்டிக்கு இன்று சிகிச்சை எளியது. மரத்துப்போகும் ஊசி போட்டுக் கத்தியாலோ லேசராலோ எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். நமக்கு அரசுப் பல் கிளினிக்குகள் இருக்கின்றன, செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறையும் இருக்கிறது. எடுத்த சதையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்களா, முடிவு எப்போது வரும், பக்கத்துப் பல்லின் காறையை எடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.